எழுத்துக்கென்று பிறவாத இடம்

“அவளுக்குப் படிப்பு ஏறாது” என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வது நம்மவரிடையே சாதாரணம். சொல்பவர் அலுப்பில் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் அதற்குள் ஒரு கொள்கை ஒளிந்திருக்கிறது: சிலருடைய மூளையில் படிப்புக்கு இடமுண்டு, சிலருக்கு இல்லை, படைத்தவனே அப்படிப் பங்கிட்டுவிட்டான்.

மூளையைப் பங்கிடும் சிந்தனை பழையது. 1037இல் மறைந்த இப்னு ஸீனா உட்புலன்களை மூளையின் அறைகளில் வரிசையாக வைத்தார்: உருவங்களைக் காக்கும் ஆற்றல் முன்னே, சிந்தனை நடுவே, ஞாபகம் பின்னே. 1861இல் பாரிஸில் போல் புரோக்கா, “டான்” என்ற ஓரசையைத் தவிர அநேகமாக வேறெதுவும் பேச முடியாதிருந்த நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் பரிசோதித்தார். இடது முன்பகுதி சிதைந்திருந்தது. பேச்சுக்கு ஓர் இடம் குறிக்கப்பட்டது.

வாசிப்பின் கதை வேறு. எழுத்துத் தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான். அதற்கென ஓர் இடத்தைப் பிறப்போடு கொண்டுவர அக்காலம் போதாது. அப்படியிருந்தும் வாசிக்கத் தெரிந்தவர்களின் இடது மூளையில், பின்புற அடிப்பரப்பில், எழுத்துருக்களுக்கென ஓரிடம் உருவாகியிருக்கிறது. பிரெஞ்சோ, சீனமோ, வலமிருந்து இடமாக ஓடும் ஹீப்ருவோ, இடம் ஏறத்தாழ ஒன்றுதான். பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் பரப்பில் எழுத்து வந்து குடியேறுகிறது.

2010இல் ஸ்தனிஸ்லாஸ் டெஹானும் சகாக்களும் பிரேஸிலையும் போர்த்துக்கலையும் சேர்ந்த 63 பேரை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவர்களில் 10 பேர் எழுத்தறியாதவர்கள். 22 பேர் வளர்ந்தபின் கற்றவர்கள். இந்த 22 பேரிடமும் அவ்விடம் எழுத்துக்கு விழித்திருந்தது. வந்து குடியேறிய எழுத்து முகங்களின் இடத்தைப் பறிக்குமோ என்ற ஐயமும் அந்த ஆய்வோடு எழுந்தது. 2019இல் வெளிவந்த, லக்னோவை அண்டிய கிராமத்தவர் பற்றிய ஆய்வு அத்தகைய இழப்பைக் காணவில்லை.

வாசிப்பில் பிறவியிலேயே இடர்ப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. அவர்களுக்கு வேண்டியது கூடுதலான கற்பித்தல். மற்றப்படி, இடம் இருந்ததனால் எழுத்து வந்ததல்ல. எழுத்தைக் கண்முன் வைத்ததனால் இடம் உண்டாயிற்று. வைக்காமல் விட்டவர் யார் என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

என் உம்மம்மா குர்ஆனைப் பார்த்து ஓதுவார். அறபுத்தமிழ்க் கிதாபுகளைத் தங்குதடையின்றி வாசிப்பார். தமிழெழுத்து மட்டும் தெரியாது. கடிதம் வந்தால் வாசித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும். குடும்பத்தில் அவரை ‘எழுத்து வாசிப்பில்லாத மனிசி’ என்றார்கள். அறபெழுத்தில் எழுதிய தமிழைப் படித்து விளங்கிய ஒருவரை! எழுத்துக்குரிய வீட்டை அவர் எப்போதோ கட்டி முடித்திருந்தார். உயிர் பன்னிரண்டையும் மெய் பதினெட்டையும் அங்கே கூட்டிப்போகத்தான் யாருமில்லை. மிஷனரிப் பாடசாலைக்குப் போனால் மார்க்கம் போய்விடும் என்று அக்காலத்தவர் அஞ்சினார்கள். அந்த அச்சம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அச்சத்தின் விளைவை அவருடைய மூளையின் குறையாக்கியது எந்த நியாயம்?

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, “அல்லாஹ்வின் நாட்டம்” என்றார். கத்ரைப் பற்றி வாதிட நான் ஆலிமல்ல. எனினும், அலிஃபை ஏற்ற கண்ணுக்கு அகரம் ஏறக்கூடாது என்று அவன் நாடியதாக எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவரைப் பாடசாலைக்கு அனுப்பாதவர்கள் நம் வீட்டு ஆண்கள்தான்.