ராணி இல்லாத பெட்டி

கோலசிலாங்கூர் மாவட்டத்துச் சுங்கை புரோங் பக்கத்துத் தென்னந்தோப்பில் ஒரு தேனீக் கூட்டத்தைப் பிடித்துப் பெட்டியில் குடிவைத்தால், முதல் வாரம்தான் அதற்குக் கண்டம். கூட்டைப் பெயர்க்கும்போது ராணி நசுங்கியிருக்கலாம், தவறி விழுந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தேனீக்கள் வழக்கம்போல் போய் வரும். மூடியைத் திறந்ததும் காது கண்டுகொள்ளும். சீரான ரீங்காரம் போய், இழுத்து இழுத்து முனகும் இரைச்சல் எழும்.

கைதேர்ந்தவர்கள் அப்போது ராணியைத் தேடிக்கொண்டிருப்பதில்லை. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாக வரும் ஒளி அறைகளின் அடிவரை விழும்படி அடையைச் சாய்க்கிறார்கள். அறைக்கு ஒன்றாக, நூல் துணுக்குப் போல வெள்ளை முட்டை நின்றால் போதும். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும் என்பதால், அந்த மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள் என்று அடித்துச் சொல்லலாம்.

ஒரே அறையில் மூன்று நான்கு முட்டைகள், அதுவும் சுவரில் தாறுமாறாக ஒட்டிக் கிடந்தால் செய்தி வேறு. ராணி போய்ப் பல நாளாகி, பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன. அவை இணை சேராதவை. அவற்றின் முட்டையில் ஆண் தேனீதான் பிறக்கும். ஆண் தேனீ தேன் சேர்க்காது, புழுவுக்கு ஊட்டவும் செய்யாது. உழைக்கும் பணித் தேனீயின் ஆயுளோ ஏறத்தாழ ஆறு வாரம். கூட்டம் ஆரவாரத்தோடே தேய்ந்து போகும்.

ஆனால் ராணியை இழந்த கூடெல்லாம் அழிவதில்லை. பழைய கூட்டில் முட்டையும் இளம்புழுவும் இருக்கும். மூன்று நாள் வயதைத் தாண்டாத சாதாரணப் புழுக்கள் சிலவற்றைப் பணித் தேனீக்கள் தெரிந்தெடுத்து, அவற்றின் அறைகளை நீட்டிக் கட்டி, அரசக்கூழை இடைவிடாமல் ஊட்டுகின்றன. முட்டையிட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 16 நாளில் புதிய ராணி வெளியே வருகிறாள். பணித் தேனீயாக வேண்டிய அதே புழு, ஊட்டத்தால் ராணியாகிறது.

புதுக்குடிக்கு இந்த வழி இல்லை. அமெரிக்காவில் வலைப்பெட்டியில் அடைத்து விற்கும் தேனீப் பொதியில் 3 பவுண்டு எடைக்குச் சுமார் 10,000 தேனீக்களும், சிறு கூண்டில் ஒரு ராணியும் இருக்கும். அடை இருக்காது, புழு இருக்காது. இங்கே அடையை வெட்டி எறிந்துவிட்டுத் தேனீயை மட்டும் பெட்டிக்குள் கொட்டினால் அதே நிலைதான். அதனால்தான் விவரமானவர்கள் புழு அடையை வாழைநாரால் சட்டத்தில் கட்டிக் கூடவே கொண்டு வருகிறார்கள். அதுவும் இல்லையென்றால், பக்கத்துப் பெட்டியிலிருந்து முட்டையுள்ள ஒரு சட்டத்தை எடுத்து வைக்க வேண்டும். யார் பெற்ற பிள்ளை என்று தேனீக்கள் கேட்பதில்லை, ஊட்டத் தொடங்கிவிடும்.

இந்த மலேசிய மண்ணில் நம் தமிழர்களும் தோட்டங்களுக்குப் பெயர்த்து வைக்கப்பட்ட குடிகள்தான். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது இதே கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில். பிற்பாடு நாடெங்கும் பெருந்தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் துண்டாடல் வந்தபோது, காலடி மண்ணே விலைபோனது. 1960இல் நம் சமூகத் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அப்படி ஒரு தலைவர் இன்று இல்லையே என்ற ஏக்கம் நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறது. அந்த ஏக்கம் நியாயமானது. ஆனாலும் தோட்டங்களை விட்டு வெளியேறிய மக்கள், பல இடங்களில், தமிழ்ப்பள்ளியையும் போராடி நகரத்துக்குப் பெயர்த்துக் கொண்டு வந்தார்களே, அதை நான் ஒரு தலைவர் இருப்பதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். அவர்கள் புழு அடையோடு குடிபெயர்ந்தவர்கள்.

தலைவரை இழந்த சமூகம் மீண்டு எழும். வளர்த்தெடுக்கப் பிஞ்சுகள் இல்லாத சமூகத்துக்கு எந்தத் தலைவரும் உதவ முடியாது. எந்தப் பிஞ்சு தலைமைக்கு உரியது என்று பிறப்பு எழுதி வைப்பதில்லை. ஊட்டுகிறவர்களின் கைதான் எழுதுகிறது. அதற்குரிய காலமும் குறுகியது, கடந்தால் திரும்பாது. ஆகவே அடுத்த தலைவர் யார் என்று கேட்கும் முன், நம் தெருவில் இன்று ஏழு வயதில் இருக்கும் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது, அதற்கு நாம் என்ன ஊட்டுகிறோம் என்று கேட்போம். விடை அங்கேதான் வளர்கிறது.