மலை வருகிறதென்று தூதன் உரைத்தபோது



கோசல மன்னன் பசேநதிக்குப் பகவான் புத்தர் அருளிய உவமை ஒன்று சங்யுத்த நிகாயத்தில் காணப்படுகின்றது. நம்பத்தக்க மனிதன் ஒருவன் கீழ்த்திசையிலிருந்து ஓடி வருகிறான். வானளாவிய மலையொன்று எதிர்ப்பட்ட உயிர்களையெல்லாம் நசுக்கிக்கொண்டு வருவதைக் கண்ணாரக் கண்டதாக மன்னனிடம் தெரிவிக்கிறான். மற்ற மூன்று திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்து அதே செய்தியைச் சொல்கின்றனர். அந்நிலையில் செய்யத்தக்கது யாது என்று பகவான் வினவினார். அறவழியில் நடப்பதும் நன்மை புரிவதுமன்றி வேறென்ன உண்டு என்று மன்னன் விடையிறுத்தான். மூப்பும் மரணமுமே அம்மலை என்று பகவான் விளக்கினார்.

இவ்வுவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும், செய்தி வந்தபின் புரியவேண்டிய நன்மை யாது, அதை யாருக்குப் புரிவது என்று நின்று சிந்திப்பவர் சிலரே. அதனைச் சிந்திப்பதற்கு மெய்யாக நடந்த ஒரு நிகழ்ச்சியை இன்று எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க நாட்டின் லூசியானா மாநிலத்தில் நியூ ஆர்லியன்ஸ் என்றொரு நகரம் உளது. அதன் நடுவே மிசிசிப்பிப் பேராறு ஓடுகின்றது. வடக்கே பாஞ்சர்ட்ரெயின் என்னும் பெரிய ஏரி. தெற்கே மெக்சிகோ வளைகுடா. நகரின் ஏறத்தாழப் பாதி நிலம் கடல்மட்டத்திற்குக் கீழே அமைந்தது. சட்டியின் விளிம்புபோல் எழுப்பிய மண்கரைகளும் சுவர்களுமே நீரைத் தடுத்து நிற்கின்றன. உள்ளே பெய்யும் மழைநீரையும் இயந்திரம் கொண்டு இறைத்தே வெளியேற்ற வேண்டும். 2005ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழ 4,50,000 மக்கள் வாழ்ந்தனர்.

அந்நகருக்குத் தூதர் வராமல் இல்லை. பெரும்புயல் வந்தால் நகரம் மூழ்கும் என்று 2002ஆம் ஆண்டிலேயே அவ்வூர்ச் செய்தித்தாள் தொடர்கட்டுரை வெளியிட்டது. 2004 ஜூலையில் அதிகாரிகள் ஒன்றுகூடி, பாம் என்று பெயரிட்ட கற்பனைச் சூறாவளி ஒன்றை வைத்து ஒத்திகை நடத்தினர். அடுத்த ஆண்டே மெய்யான சூறாவளி வந்தது. அதன் பெயர் கத்ரீனா.

2005 ஆகஸ்டு 28, ஞாயிற்றுக்கிழமை, அச்சூறாவளி வளைகுடாவின் மீது உச்சமாகிய ஐந்தாம் தரத்தை எட்டியது. அன்று வானிலை நிலையத்தார் விடுத்த அறிக்கை, நகரின் சுற்றுப்புறம் பல வாரங்களுக்கு மனிதர் வாழத் தகாததாகிவிடும் என்று எச்சரித்தது. காலையிலேயே மேயர் ரே நேகின், அனைவரும் கட்டாயமாக வெளியேற வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். நகரின் வரலாற்றில் அத்தகைய ஆணை அதுவே முதலாவது. புயல் கரையேற ஒரு முழு நாள்கூட எஞ்சியிருக்கவில்லை.

முந்திய நாள் மாலை முதலே நெடுஞ்சாலைகளின் இருபுறத் தடங்களும் ஊரைவிட்டு வெளியே செல்வதற்கே திறக்கப்பட்டிருந்தன. மக்கள் ஜன்னல்களில் பலகை அறைந்தனர். குழந்தைகளையும் மூட்டைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டனர். நகர மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வெளியேறினர். இஃது அரிய செயலே, மறுப்பதற்கில்லை. ஆனால் தம்ம வழியில் நிற்கும் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. எஞ்சி நின்றவர் யாவர்?

அந்நகரில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட மக்களுக்குச் சொந்த வண்டி இல்லை. படுக்கையில் கிடந்த முதியோர் இருந்தனர். நோயாளரும் அவரை விட்டகலாத உறவினரும் இருந்தனர். அதுவோ மாதத்தின் கடைசி. ஏழை எளியவருக்கு வரவேண்டிய தொகை முதல் தேதியில்தான் வரும். கூலி நாளுக்கு மூன்று நாள் முன்பு தொழிலாளியின் சட்டைப்பையில் என்ன இருக்கும் என்பதை ஆலையில் உழைத்த எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. பெட்ரோலுக்கும் வழிச்செலவுக்கும் வெளியூர் விடுதிக்கும் அவர் எங்கே போவார்? வெளியேறு என்ற ஆணை எல்லார் காதிலும் ஒன்றாகவே விழுந்தது. வெளியேறும் வழியோ எல்லார்க்கும் ஒன்றாக அமையவில்லை.

எஞ்சியோரில் ஏறத்தாழ 10,000 பேர் சூப்பர்டோம் என்னும் விளையாட்டரங்கில் அன்றிரவு ஒதுங்கினர். ஆகஸ்டு 29 காலை மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்று கரையேறிற்று. அரங்கின் கூரை ஒரு பகுதி பிய்ந்தது. கால்வாய்களின் வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்தன. நகரின் பத்தில் எட்டுப் பங்கு நீரில் மூழ்கியது. மக்களை ஏற்றிச் சென்றிருக்கக்கூடிய பள்ளிப் பேருந்துகள் நிறுத்திய இடத்திலேயே வரிசையாக நீருள் நின்றன. அப்புயலால் மாண்டவர் தொகை 1,300க்கும் மேல். லூசியானாவில் மாண்டவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் 75 வயதை எட்டிய முதியோர். அண்டைப் பகுதியில் ஒரே முதியோர் இல்லத்தில் 35 பேர் இறந்தனர்.

இதனைத் தெய்வத்தின் கோபம் என்று கூறியோர் அந்நாட்டிலும் இருந்தனர். நம் நாட்டில் இத்தகைய துன்பம் நேர்ந்தால் எழும் குரல் வேறு. அவரவர் முன்வினை என்பது அது. அக்குரலை நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டனர். குடிசை எரிந்தாலும் முன்வினை, குழந்தை பசித்தாலும் முன்வினை என்று சொல்லி நகர்ந்தவரை நாம் அறிவோம். ஆதலின், பகவான் இதுபற்றி என்ன கூறினார் என்பதை நாம் செவ்வனே அறிந்திருத்தல் வேண்டும். மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன், மனிதன் துய்க்கும் இன்பதுன்பமெல்லாம் முன்வினையால் வந்தவையா என்று அவரைக் கேட்டான். பகவான் அக்கொள்கையைத் தவறென்று தள்ளினார். உடலின் பித்தம், சிலேத்துமம், வாயு, பருவ மாறுதல், கவனமின்மை, பிறர் செய்யும் கொடுமை முதலிய பல காரணங்களை எண்ணிக் காட்டினார். வினை அவற்றுள் ஒன்று மட்டுமே.

இந்த விளக்கொளியில் அந்நகரைப் பாருங்கள். காற்று பருவத்தால் வந்தது. சுவர் உடைந்தது மனிதரின் பிழையால். சில கால்வாய்ச் சுவர்கள், நீர் அவற்றின் தலையைத் தாண்டும் முன்பே அடிபெயர்ந்து விழுந்தன. அமைப்பிலேயே குறை இருந்ததை அவற்றைக் கட்டிய ராணுவப் பொறியியல் பிரிவினரே 2006இல் ஒப்புக்கொண்டனர். முதியவர் மூழ்கியது அவரைத் தூக்கிச் செல்ல ஆள் வராமையால். காரணத்தை அறிந்தால் அதனை நீக்கலாம். இதுவே சார்பில் தோன்றும் நெறி நமக்குத் தரும் நம்பிக்கை. முன்வினை என்று சொல்பவனோ கைகட்டி நிற்பான்.

காரணத்தை நீக்க அவர்கள் பின்னர் முயன்றனர். 2008இல் குஸ்தாவ் என்னும் சூறாவளி நெருங்கியபோது வண்டியற்றோரைப் பேருந்திலும் ரயிலிலும் ஏற்றி நகரத்தார் வெளியே அனுப்பினர். வண்டியற்றோர் வந்து கூடுவதற்கென 17 இடங்கள் குறிக்கப்பட்டு, தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் உயர்ந்த சின்னங்கள் அவ்விடங்களில் நிறுவப்பட்டன. கரைகளும் பெரும்பொருட் செலவில் புதுப்பிக்கப்பட்டன. 2021 ஆகஸ்டு 29, கத்ரீனா வந்த அதே தேதியில், ஐடா என்னும் சூறாவளி தாக்கியது. இம்முறை கரைகள் தாங்கின. ஆனால் நகர் முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. கொதிக்கும் வெயிலில், தனி அறைகளில் இருந்த முதியோர் சிலர் வெப்பத்தால் மாண்டனர். நீரைத் தடுத்தவர் கதவைத் தட்டிப் பார்க்கவில்லை! ஒரு காரணத்தை அடைத்துவிட்டோம் என்று அயர்ந்தால் மற்றொன்று திறந்துகொள்ளும். விழிப்புணர்வை இடையறாது பேணுக என்று பகவான் வற்புறுத்தியது இதனாலன்றோ?

மூப்பு என்னும் மலையை எவராலும் தடுக்க முடியாது. புயல் என்னும் மலைக்கோ பெரும்பாலும் வழி விட்டு விலகலாம். விலகக்கூடிய இடத்தில் ஒருவர் நசுங்கினால், அந்த இடத்தை அவருக்குக் காட்டாதவர்க்கும் அதிற் பங்குண்டு. செய்தி கேட்டதும் தன் வீட்டுக் கதவை மட்டும் பூட்டிக்கொண்டு புறப்படுபவன் உயிர் பிழைப்பான். பசேநதி மன்னன் கூறிய நன்மையை அவன் புரிந்தவனாகான்.

ஆதலால், சகோதரர்களே, மைத்திரி என்ற சொல்லைத் தியானத்தில் நினைப்பதோடு நிறுத்தாதீர்கள். வரும் பௌர்ணமிக்கு முன் ஒவ்வொரு கிளைச் சங்கத்தாரும் ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியவர் யார், நடக்க இயலாதவர் யார், கைக்குழந்தையுடன் இருப்பவர் யார், மாதக் கடைசியில் கையில் காசற்றவர் யார் என்று எழுதுங்கள். சாதியும் சமயமும் கேளாது எழுதுங்கள். வெள்ளமோ தீயோ கொள்ளைநோயோ வந்தால் ஒவ்வொருவரையும் அழைத்துச்செல்லும் பொறுப்பு யாருடையது என்று அப்பெயருக்கு எதிரே உங்கள் பெயரைக் குறியுங்கள். தூதன் வந்தபின் ஏடு தேட நேரம் இராது.