விலையுயர்ந்த செல்போன் வாங்குவது கூடுமா?

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதி வாலிபர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா இது: "ஹஸ்ரத், 12,000 ரூபாய்க்கே செல்போன் கிடைக்கிறதே, 80,000 கொடுத்து வாங்குவது இஸ்ராஃப் ஆகாதா?"

விலை ஒன்றைக் கொண்டே ஹராம் என்று கூறிவிட மார்க்கம் நமக்கு இடம் தரவில்லை. நல்லாடையையும் நல்ல காலணியையும் விரும்புவது பெருமையாகாது என்றும், சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் நபி (ஸல்) அவர்கள் விளக்கியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

எனினும் தேவைக்கு ஓர் அளவு உண்டு. ஹிஜ்ரி 790-இல் மறைந்த இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்கள் தம் 'அல்முவாஃபகாத்' நூலில் இன்றியமையாதவை, சிரமம் நீக்குபவை, அழகு சேர்ப்பவை என மூன்று படித்தரங்களை விளக்குகிறார்கள். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கும், காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகுமுன் வானிலை பார்ப்பவருக்கும் செல்போன் இரண்டாம் படித்தரத்துப் பொருள். அந்தத் தேவையை 12,000 ரூபாய்ப் போனே நிறைவேற்றிவிடும். 2024 செப்டம்பரில் ஐபோன் 16 நம் நாட்டில் 79,900 ரூபாய்க்கு அறிமுகமாயிற்று. இடையிலுள்ள 67,900 ரூபாயில் பெரும்பகுதி மூன்றாம் படித்தரத்துக்கே போகிறது.

"அது நெடுநாள் உழைக்குமே!" என்பார்கள். ஏழாண்டு உழைத்தாலும் ஆண்டுக்கு 11,400 ரூபாய்க்கு மேலாகிறது. மலிவான போன் மூன்றாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 4,000தான். ஆனால் மலிவுதானே என்று ஆண்டுதோறும் புதுப்போன் மாற்றுபவர், ஆண்டுக்கு 12,000 செலவழித்து இவரையும் மிஞ்சிவிடுகிறார். மலிவிலும் விரயம் உண்டு.

இதனினும் பெரிய ஆபத்து தவணையில் உள்ளது. கடைக்காரரே விலையையும் தவணையையும் முடிவாகப் பேசிக் கடனுக்கு விற்பது பெரும்பான்மை இமாம்களிடம் கூடும். ஆனால் 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்பதில் பெரும்பாலும் வங்கி வட்டிக்கே கடன் கொடுக்கிறது. அவ்வட்டியின் அளவு தள்ளுபடியாகக் கழிக்கப்படுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தவணை தவறினால் அபராதமும் உண்டு. வட்டியே இல்லாத கடன் என்ற கருத்துக்கு இடமில்லை என ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்கு எழுதியது. ஒரு போனுக்காக ரிபாவின் ஒப்பந்தத்தில் கையொப்பமிடலாமா?

ஆகவே வாங்குமுன் மூன்றைப் பார்க்க வேண்டும். பணம் கடனற்றதா? தாயின் மருந்து, மனைவியின் பாக்கி மஹர், பிறரிடம் பட்ட கடன், ஸகாத் ஆகிய ஹக்குகள் தீர்ந்தனவா? கண்ணாடி உடைந்த போனுடன் பக்கத்தில் அமரும் தோழரை நம் உள்ளம் தாழ்வாக எண்ணாமலிருக்குமா? மூன்றிலும் தேறியவர் வாங்கினால் அவரைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. தேறாதவருக்கு 12,000 ரூபாய்ப் போனே போதுமானது, அதில் இழிவேதுமில்லை.

இன்னொன்றையும் வசதியுள்ளோர் எண்ண வேண்டும். நம் தெருக்களில் ஒருவர் மகன் கையிலுள்ள போன், தினக்கூலி வாங்கும் அண்டைவீட்டுத் தகப்பனாருக்குக் கடனாக மாறிவிடுகிறது. ஆகுமானதையும் அண்டைவீட்டாருக்காக விட்டுக்கொடுப்பது பேணுதலாகும்.

விரயமும் கஞ்சத்தனமும் இல்லாத நடுவழியை ஃபுர்கான் அத்தியாயத்தின் 67-ஆம் வசனம் நமக்குக் காட்டுகிறது. அவ்வழியில் நம்மை அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.