இசைவும் இயலாமையும்

கட்டற்ற சந்தை என்னும் கோட்பாடு, வாங்குபவரும் விற்பவரும் எவருடைய வற்புறுத்தலுமின்றித் தாமாக இசைந்து செய்துகொள்ளும் பரிமாற்றத்தையே நியாயமானதாகக் கொள்கிறது. உழைப்பும் அவ்வாறு விற்கப்படும் ஒன்றே என்றால், குறிப்பிட்ட தொகைக்குக் கீழே கூலி பேசக்கூடாது என விதிக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், முதலாளியின் உரிமையோடு தொழிலாளியின் உரிமையையும் பறிக்கிறது என்ற முடிவு தவிர்க்க முடியாததாகத் தோன்றும். அந்த முடிவை ஏற்கும் முன், ஓர் இசைவு எப்போது உண்மையான இசைவாகிறது என்ற அறவியல் கேள்விக்கு விடை காண வேண்டும்.

சட்டத்தை எதிர்ப்போர் வாதத்தில் ஏழைகள் மீதான அக்கறையும் உண்டு. பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1962 இல் வெளியிட்ட ‘முதலாளியமும் சுதந்திரமும்’ என்ற நூலில், கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் திறன் குறைந்தோரே முதலில் வேலையிழப்பர் என்றும், வறுமையைப் போக்க விரும்பும் சமூகம் வருமானம் குறைந்தோருக்கு வரிப்பணத்திலிருந்து நேரடியாகத் தொகை வழங்கலாம் என்றும் வாதிட்டார். மற்றொரு பொருளியலாளரான ஃபிரீட்ரிக் ஹாயெக் இன்னும் நுட்பமாகப் பிரித்தார். வேலை நேரத்துக்கு வரம்பு விதிப்பதும் நச்சுப்பொருள்களைத் தடைசெய்வதும் போட்டிக்கு முரணானவை அல்ல என்று 1944 இல் எழுதிய அவர், விலையை அரசு கட்டுப்படுத்துவதை ஏற்கவில்லை. ஆகவே தொழிலாளர் பாதுகாப்பு முழுவதும் சந்தைக்குப் பகை என்ற கருத்து, சந்தையின் தலையாய சிந்தனையாளர் எல்லோரும் கொண்டதன்று. பூசல் கூலியைப் பற்றியதாகச் சுருங்குகிறது.

கூலிப் பேச்சில் இரு தரப்பும் சமநிலையில் நிற்பதில்லை என்பதை ஆடம் ஸ்மித் 1776 இலேயே கண்டிருந்தார். வேலைக்கு ஆள் வைக்காமலே முதலாளி ஓரிரண்டு ஆண்டுகள் காலந்தள்ளலாம், ஆனால் தொழிலாளரில் பலருக்கு ஒரு வாரத்தை ஓட்டுவதே அரிது என்றும், கூலி உயராமலிருக்க முதலாளிகள் ஓசையின்றித் தமக்குள் ஒத்துப்போகிறார்கள் என்றும் அவர் எழுதினார். கூலியைச் சரக்காகத் தராமல் பணமாகவே தரவேண்டும் என்ற சட்டத்தை நியாயமானது எனவும் அவர் ஏற்றார்.

இந்தச் சமனின்மையின் அறப்பொருளைச் சமய மரபிலிருந்து விளக்கியவர் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ. 1891 இல் ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலில் தனியுடைமையை ஆதரித்து, சமவுடைமையை மறுத்த அவர், உழைப்புக்கு இரண்டு இயல்புகள் உண்டு என்றார். உழைப்பு உழைப்பவனுக்கே உரியது. அது மட்டுமே உண்மையானால் அவன் எந்தக் கூலிக்கும் இசையலாம். ஆனால் உழைப்பின்றி அவன் உயிர்வாழ முடியாது, உயிரைக் காப்பதோ அவனுடைய கடமை. எனவே இன்னலுக்கு அஞ்சி ஒருவன் குறைந்த கூலியை ஏற்கும்போது அவன் வன்முறைக்கு ஆளாகிறான் என்பதும், ஒப்பந்தத்துக்கு முந்திய இயற்கை நீதி ஒன்று உண்டு என்பதும் அவர் முடிவு.

இதே சிந்தனை இந்தியாவில் தீர்ப்பாகவும் வந்தது. 1982 இல் நடந்த டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகளில், ஒப்பந்ததாரருக்கு ஆள் பிடித்துத் தந்த ஜமாதார்கள், நாள் ஒன்றுக்கு 9.25 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கூலியில் ஒரு ரூபாயைத் தரகாகப் பிடித்துக்கொண்டனர். எவரும் அத்தொழிலாளரை அடித்து இழுத்துவரவில்லை. அவர்களே வந்தனர், கொடுத்ததை வாங்கினர். ஆயினும் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், வேறு வழியே விட்டுவைக்காத பொருளாதார நெருக்கடியும் ஒருவகை வற்புறுத்தலே என்றும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகத் தந்து வாங்கும் வேலை அரசமைப்பின் 23 ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றும் கூறியது.

‘வேலையே இல்லாமல் போவதைவிட 8.25 ரூபாய் மேலல்லவா’ என்ற கேள்வி அப்போதும் எஞ்சுகிறது. வட்டாரத்தில் வேலை தருவோர் ஓரிருவரே என்றால், போட்டியால் வரவேண்டிய அளவுக்கும் கீழே கூலியை அவர்கள் அழுத்திவைக்க இயலும். ‘ஒற்றைக் கொள்வோர் நிலை’ எனப்படும் இதைப் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933 இல் விளக்கினார். அங்கே சட்டக்கூலி வேலையைக் குறைக்காமலே கூலியை உயர்த்தக்கூடும். மாறாக, உற்பத்தியின் மதிப்பைத் தாண்டி உயர்த்தப்படும் கூலி ஃப்ரீட்மன் அஞ்சிய தீங்கையே விளைவிக்கும். ஆகவே எவ்வளவு என்பதை அனுபவமும் ஆய்வும் தீர்க்கட்டும். கூலிக்கு ஓர் அடித்தளம் இருக்கலாமா என்பதற்கோ விடை கோட்பாட்டிலேயே இருக்கிறது. கத்தி முனையில் பெற்ற கையெழுத்தைச் சந்தைக் கோட்பாடே செல்லாது என்கிறது. பசி முனையில் பெற்ற இசைவையும் ஐயுறும் சட்டம் அதே நெறியை நீட்டுகிறது. ‘வேண்டாம்’ என்று சொல்ல இயன்றவனின் ‘சரி’ மட்டுமே அக்கோட்பாடு போற்றும் சுதந்திரத்துக்குச் சான்றாகும்.