ஆட்டக்காரனின் அலுப்பு

தோற்பவன்தான் அலுத்துப்போகிறான் என்பது பொதுவான எண்ணம். எனக்கு அது சரியென்று படவில்லை. தோல்வி ஆட்டத்துக்குள்ளேயே நடக்கிற காரியம். தோற்றவன் மறுநாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவான். நான் இங்கே பேச விரும்பும் அலுப்பு வேறு தினுசு. ஜெயித்தாலும் வருவது. கற்றது நாளைக்குச் செல்லுமா என்று தெரியாமல் கற்றுக்கொண்டே இருக்கிறவனுடைய அலுப்பு.

கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் ஆடப்படும் பாத்திர விளையாட்டுகளைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சில நண்பர்களுக்கு அபத்தமாகத் தோன்றலாம். தோன்றட்டும். அங்கே ஒருவன் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்துகொள்கிறான். வில்லாளி, மந்திரவாதி, வைத்தியன் என்று ஏதோ ஒன்று. வருஷக்கணக்கில் அதை வளர்க்கிறான். பிறகு ஒரு ராத்திரி, ஆட்டத்தை நடத்தும் கம்பெனி கணக்குப் பார்க்கிறது. வில்லுக்கு வலு கூடிவிட்டது, வாள் பிடித்தவனுக்கு இது அநியாயம் என்று முடிவு செய்து எண்களைத் திருத்திவிடுகிறது. இதற்குச் சமன் செய்தல் என்று பெயர். போர்க்கள விளையாட்டான லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் இந்தத் திருத்தம் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் வருகிறது.

என் அக்காள் மகன் ஓட்டப்பிடாரத்திலிருந்து தினமும் பஸ் ஏறித் தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். மூன்று வருஷமாக ஒரு வில்லாளியை வளர்த்து வந்தான். திருத்தம் வந்த வாரம் விசாரித்தேன். "வில்லு போனா போகட்டும் மாமா, வேற ஒண்ணப் படிச்சிக்கிடுவேன். அதையும் மாத்திருவாங்கள்லா, அதுதான்" என்றான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

கம்பெனி தரப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாக ஆடும் இடத்தில் ஒரே ஆயுதம் எல்லாவற்றையும் வென்றுகொண்டிருந்தால் மற்ற வழிகள் செத்துப்போகும். எல்லோரும் வில்லெடுத்த பிறகு வில்லுக்கு அர்த்தம் ஏது? திருத்தம் நியாயத்தின் பெயரால்தான் வருகிறது, பல சமயம் உண்மையிலேயே நியாயத்துக்காகத்தான் வருகிறது. புதுப்பொருள் விற்பதற்கும் அது சௌகரியமாக அமைந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

என் சந்தேகம் சமன் என்ற சொல்லைப் பற்றியது. ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பாண்டிய நாட்டுக் கோயில் மண்டபங்களின் தளக்கற்களில் இதன் கட்டங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் பக்கம் திண்ணையில் கரிக்கட்டியால் கோடு இழுத்தாலே போதும். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டுகிற அதிகாரம் கிடையாது, நெருங்கி நின்று வழியடைக்கலாம், அவ்வளவுதான். இரு தரப்புக்கும் பலமும் வேறு, லட்சியமும் வேறு. இன்றைய பாத்திர விளையாட்டுக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற அதே பிரச்னை. ஆனால் ஆட்டுக்குக் கொம்பு கொடுக்க வேண்டும் என்று யாரும் மனுப் போட்டதில்லை. காரணம் எளிது. ஒரு ஆட்டம் முடிந்ததும் இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறார்கள். இப்போது புலி வைத்தவன் அடுத்த தரம் ஆடு வைக்கிறான். அசமத்துவம் பலகையில் இருந்துகொண்டே இருக்கிறது, ஆள் மட்டும் அதன் இரண்டு பக்கமும் போய் வருகிறான்.

பாத்திர விளையாட்டில் இடம் மாறி உட்கார முடியாது. மூன்று வருஷம் வில்லாளியாக இருந்தவனுக்கு வில் ஒரு காய் அல்ல, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த சுயசரிதை. கம்பெனி சமன் பார்ப்பது ஒரே கணத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு நடுவே: வில்லுக்கும் வாளுக்கும், இவனுக்கும் அவனுக்கும். ஒரே ஆளின் நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவே உள்ள சமன் அந்தத் தராசில் ஏறுவதில்லை. ஏறவும் வழியில்லை. வலுவை எண்ணால் குறிக்கலாம், பழகிய காலத்தை எப்படிக் குறிப்பது?

லான் ஃபுல்லர் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1964-ல் எழுதிய சட்டத்தின் அறம் பற்றிய புத்தகத்தில், சட்டம் இயற்றத் தெரியாத ஒரு ராஜாவைக் கற்பனை செய்கிறார். அவன் தவறக்கூடிய எட்டு வழிகளைச் சொல்கிறார். ரகசியச் சட்டம், முன்தேதியிட்ட சட்டம், நிறைவேற்ற முடியாத சட்டம் என்று போகிற அந்த வரிசையில், பிரஜை தன் காரியங்களை அனுசரித்து நடக்க முடியாதபடி அடிக்கடி சட்டத்தை மாற்றுவதும் ஒன்று. கவனிக்க வேண்டியது, மாற்றப்பட்ட ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே நல்ல சட்டமாக இருக்கலாம் என்பதுதான். குற்றம் எந்த ஒரு திருத்தத்திலும் இல்லாமல் திருத்தங்களின் வேகத்தில் இருக்கிறது. ஆகவே யாரை நோக்கி முறையிடுவது என்பதும் தெரிவதில்லை.

எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு இது வேறு விதத்தில் நேர்ந்தது. வ.உ.சி. 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது. 1908-ல் அவருக்குச் சிறை. 1911-ல் சங்கம் கலைக்கப்பட்டது. ஒப்புமையை ரொம்ப இழுக்க எனக்கு விருப்பமில்லை, அங்கே எதிரி எதிரியாகவே வந்தான். ஆனால் கட்டணத்தை நினைத்தபோது மாற்றும் சக்தி உள்ளவன் ஜெயிக்க வேண்டியதில்லை, அடுத்தவன் ஓய்கிறவரைக்கும் மாற்றிக்கொண்டிருந்தால் போதும்.

மாற்றமே கூடாது என்கிற கட்சி அல்ல நான். மீர் சுல்தான் கான் பஞ்சாபில் இந்திய விதிப்படி சதுரங்கம் கற்றவர். அந்த விதிப்படி சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போக முடியாது. அவர் ஐரோப்பிய விதியைப் பின்னால் கற்றுக்கொண்டு, 1929, 1932, 1933 ஆகிய மூன்று வருஷங்களில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அவர் ஒரு கரையை விட்டு இன்னொரு கரைக்குப் போனார். போய்ச் சேர்ந்த கரை அசையாமல் நின்றது.

நம் மொழியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1978-ல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. மாறிய எழுத்துகள் 13. அச்சாபீஸில் கம்போசிட்டரின் கை எழுத்துப் பெட்டிக்குள் கண்ணின் துணையில்லாமல் போய் வரும். பழைய றாவுக்கும் னைக்கும் தனித்தனி அச்சு இருந்தது, அது கிடக்கிற குழி விரலுக்குத் தெரியும். அந்த விரலின் ஞானத்தில் ஒரு பகுதி ஒரே உத்தரவில் செல்லாக்காசாயிற்று. ஆனாலும் இதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியார் 1935-லேயே குடி அரசில் இந்த எழுத்துகளைப் போட்டுக் காட்டிவிட்டார். நாற்பத்து மூன்று வருஷம் அது எல்லோர் கண்ணெதிரிலும் காத்திருந்தது. மாறியதும் ஒரு தடவை. கை மறுபடியும் பழகியது, பழகிய பின் அந்தப் பழக்கத்திலேயே அச்சுக் கோத்துக்கொண்டிருக்க அவகாசமும் கிடைத்தது, ஈய எழுத்தே இல்லாமல் போகிற காலம் வரைக்கும். இதற்கு நேர்மாறானது கம்ப்யூட்டர் எழுத்துருக்களின் கதை. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு, பிறகு அதை ஒழுங்குபடுத்த இன்னொன்று, 1999-ல் தமிழ்99 விசைப்பலகை, அப்புறம் யூனிகோட். திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும் பழைய கோப்பு ஒன்றாவது நம்மில் பெரும்பாலோரிடம் இருக்கும். யூனிகோட் வந்தது நல்லதுதான். அதற்கு முந்திய அலுப்பு யாருடைய கணக்கிலும் சேரவில்லை.

ஹாக்கியிலும் இதைப் பார்க்கலாம். ஓட்டப்பிடாரத்துக்கு வடமேற்கே கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். மண் தரையில் பழகிய ஆட்டம் அது. இந்தியா 1975-ல் கோலாலம்பூரில் புல்தரையில் உலகக் கோப்பையை வென்றது. மறுவருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் செயற்கைத் தளம் வந்தது, இந்தியா ஏழாவது இடம். தளம் ஒன்றே காரணம் என்று சொல்வது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். ஆனால் மேடுபள்ளத்தில் பந்தை அடக்கும் மணிக்கட்டின் வித்தைக்கு வழவழத்த தளத்தில் விலை குறைந்துபோனது நிஜம். பின்னர் ஆஃப்சைடு விதி எடுக்கப்பட்டது. 2014-ல் இரண்டு பாதி ஆட்டம் நான்கு கால் ஆட்டமாயிற்று. இன்று கோவில்பட்டியிலும் செயற்கைத் தளம் இருக்கிறது. அதில் ஓடும் பையன்களுக்கு மணிக்கட்டு வித்தைக்காரர்கள் பழங்கதை.

செத்துப்போன ஆட்டத்துக்குத் துக்கம் கொண்டாடலாம். பெயர் மாறாமல் உள்ளே வேறொன்றாகிவிட்ட ஆட்டத்துக்கு என்ன செய்வது? ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற விளையாட்டு 2003-ல் தொடங்கியது. அதில் தையற்காரனாக, சமையற்காரனாக, நடனக்காரியாக வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். 2005 நவம்பரில் முப்பதுக்கு மேற்பட்ட தொழில்கள் ஒன்பதாகச் சுருக்கப்பட்டன. பலர் மாதக்கணக்கில் பாடுபட்டு அடைந்த ஜெடாய் நிலையை, புதிதாக வருகிறவன் முதல் நாளே எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. அங்கே தங்கள் வீட்டில் தாங்களே விருந்தாளியாகிவிட்டவர்களின் நிலை என் அக்காள் மகனுடைய நிலையைவிட மோசம். 2011 டிசம்பரில் ஆட்டமே மூடப்பட்டது. 2005-க்கு முந்திய வடிவத்தைத் தன்னார்வலர்கள் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ரூன்ஸ்கேப் என்ற ஆட்டத்தை நடத்துகிறவர்கள் 2013-ல் ஒரு காரியம் செய்தார்கள். 2007-ன் பிரதி ஒன்றைத் தூசு தட்டி எடுத்துத் தனியே திறந்துவிட்டு, இனி இதில் எதைச் சேர்ப்பதானாலும் ஆடுகிறவர்களில் 75 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்று வைத்தார்கள். 2022-ல் அது 70 ஆயிற்று. வாக்கெடுப்பு நியாயத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நான் நம்பவில்லை. கால்வாசிப் பேர் பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டால் நல்ல திருத்தமும் நின்றுபோகும். எனக்கு இதில் பிடித்தது, திருத்துகிறவன் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறதே, அந்தத் தாமதம்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டிலும் பழசைத் திரும்பக் கேட்டார்கள். 2019-ல் கிடைத்தது. சோதனையாக ஆடிப் பார்த்தவர்கள் இது தப்பு, அது தப்பு, அந்தக் காலத்தில் இப்படி இருக்கவில்லை என்று புகார் எழுதினார்கள். கம்பெனி, இவையெல்லாம் தவறுகள் அல்ல, அன்றைக்கும் இப்படித்தான் இருந்தன என்று ஒரு பட்டியல் வெளியிட்டது.