கருவியும் கணப்பொழுதும்

கருவியைத் திருத்துகின்ற மனிதன் தன்னையும் திருத்திக்கொள்கின்றானா என்பது பழைய வினாவாகும். மலிவான அரைத்தன்னியக்கத் துவக்கு ஒன்றை மேம்படுத்துவதா, இருந்தபடியே விடுவதா என்னும் சிறிய ஐயத்தினுள்ளும் இவ்வினாவே மறைந்து கிடக்கின்றது.

வட்டவளையில் லயத்தை அடுத்த துண்டு நிலத்தில் மரக்கறி பயிரிடும் தொழிலாளிக்குக் காட்டுப்பன்றி கற்பனைப் பகையன்று. ஒரு பருவத்து உழைப்பு ஓரிரவில் அழிந்துபோகும். துவக்கு வைத்திருப்பதற்கோ 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரம் கோருகின்றது. கம்பிச் சுருக்குக்குச் செலவு சொற்பம். ஆனால், சுருக்கு ஆளறியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் அகப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை, உடவளவையில் சிகிச்சை அளிக்கப்பட்டும் அம்மாதமே இறந்தது. கொலை நிகழும் கணத்தில் சுருக்கிட்டவன் அங்கு இருப்பதில்லை. எனவே கையைத் தடுக்க எவருமில்லை.

இனி மறுமுனையை நோக்குவோம். ஒற்றைத் தோட்டாத் துவக்கில் ஒரு வேட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அரைத்தன்னியக்கத் துவக்கில் வெற்றுறை தானே வெளியேறி, அடுத்த தோட்டா தானே ஏறுகின்றது. விரல் அசைந்தாற் போதும். மனம் மீளச் சிந்திக்கும் இடைவெளியே அங்கு அருகிவிடுகின்றது. 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பின்னர் அவுஸ்திரேலியா இத்தகைய துவக்குகளைப் பொதுமக்களிடமிருந்து பெருமளவில் மீளப்பெற்றது. ஏழையின் கம்பியும் செல்வனின் விரைவுத் துவக்கும் தோற்றத்தில் வேறாயினும், செயலிலிருந்து சிந்தனையைப் பிரிப்பதில் ஒன்றேயாகும்.

அவ்வாறாயின் எத்திருத்தமும் தீதோ எனின், அன்று. குறி தவறாமைக்காகச் செய்யும் திருத்தம் காயமுற்ற விலங்கின் நெடுவேதனையைத் தவிர்க்கும். சுடுவதே தவிர்க்கவியலாததாயின் அது கடமையுமாகும். வேட்டுக்களின் விரைவைப் பெருக்கும் திருத்தமோ தவறைப் பெருக்குமேயன்றித் திறனைப் பெருக்காது.

வயிற்றுப்பாடு அறியாதார் கூறும் அறம் இது என்று ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பில் நியாயம் உண்டு. பயிரிழந்தவனிடம் பொறுமையை மட்டும் கோரும் சமுதாயம், அவனுக்கு வேலியும் இழப்பீடும் வழங்கும் கடனைத் தானே மறந்ததாகும். அக்கடனை நிறைவேற்றாதவரையில் அவனைக் குற்றஞ்சாட்டும் உரிமை அதற்குக் குறைவே. எனினும், துவக்கைத் திருத்த முனைபவன் கேட்க வேண்டிய கேள்வி மாறுவதில்லை: இத்திருத்தம் சுடாமல் விடுவதற்கான கணத்தை எனக்கு விட்டுவைக்கின்றதா?