யாருடைய மூக்கு?

மனிதனுடைய மானம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தமிழனைக் கேட்டால், அவன் யோசிக்காமல் மூக்கைத் தொட்டுக் காட்டுவான். அவமானப்பட்டவனை ‘மூக்கறுபட்டான்’ என்கிறோம். வாதத்தில் தோற்றவன் மூக்குடைபட்டுத் திரும்புகிறான். முன்கோபிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது. லட்சணமான குழந்தையைப் பார்த்தால் ‘மூக்கும் முழியுமாக இருக்கிறது’ என்று சொல்லி, உடனே திருஷ்டியும் கழித்துவிடுகிறோம். ராமாயணத்தில் அவ்வளவு பெரிய யுத்தத்துக்கு வித்தாக விழுந்ததும் ஒரு பெண்ணின் அறுபட்ட மூக்குத்தான்.

இப்படியெல்லாம் நான் மூக்கைப் பற்றி ஆராய்ச்சி செய்யத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு.

எனக்கு நெடுநாளைய நண்பர் ஒருவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் காலையில், காபி கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, நீ வந்து அவளிடம் பேச வேண்டும். என் பேச்சு எடுபடவில்லை.”

‘அவள்’ என்பது அவருடைய ஒரே மகள். இருபத்துநாலு வயது. நல்ல வேலையில் இருக்கிறாள். யாரையாவது காதலிக்கிறாளோ என்று என் கதாசிரியப் புத்தி ஓடியது. விஷயம் அதுவல்ல. அவள் தன் மூக்கை ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறாளாம். தன் சேமிப்பிலிருந்தே பணம் எடுத்து வைத்து, டாக்டரையும் பார்த்துவிட்டு வந்துவிட்டாளாம்.

“அது அவள் மூக்கா? என் அம்மாவின் மூக்கு!” என்றார் நண்பர். அவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

அந்த அம்மாளை எனக்குத் தெரியாது. கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தில் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் கணவனை இழந்து, அப்பளம் இட்டு விற்று மகனைப் படிக்க வைத்தவள். அகன்ற முகம், நடுவில் தண்டு அழுந்தி, நுனி பரந்த மூக்கு. மகனுக்கு அந்த மூக்கு வரவில்லை. ஒரு தலைமுறையைத் தாண்டிப் பேத்தியிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் பிறந்தபோது, ‘அம்மாவே வந்துவிட்டாள்’ என்று நண்பர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நான் போனேன். கைவசம் இருந்த உபதேசத்தைத் தொடங்கினேன். அழகு மனசில் இருக்கிறது, முகம் வெறும் முகப்பு, குணத்தைப் பார்க்கிறவர்கள் மூக்கைப் பார்ப்பதில்லை என்று அரைமணி நேரம் பேசினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“சித்தப்பா, உங்கள் கதாநாயகிகளில் ஒருத்திக்காவது என் மூக்கு உண்டா?”

வீடு திரும்பி என் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். எள்ளுப்பூ நாசி, கூரிய நாசி, எடுப்பான நாசி! இருபது வருஷமாக இதையேதான் எழுதியிருக்கிறேன். சப்பை மூக்கும் என் கதைகளில் இல்லாமல் இல்லை. வேலைக்காரிக்கும், சிரிப்புக் காட்டுவதற்காக வரும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் தாராளமாக வழங்கியிருக்கிறேன். குணத்தைப் பார், மூக்கைப் பார்க்காதே என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

உபதேசம் தோற்ற பிறகுதான் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற புத்தி வந்தது. எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரைப் போய்க் கேட்டேன்.

மூக்கு ஆபரேஷன் என்றால் அதிகமாக இருப்பதைச் செதுக்குவது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். தாழ்ந்திருப்பதை உயர்த்த வேண்டுமானால் செதுக்கிப் பயனில்லை. எங்கிருந்தாவது கொண்டுவந்து வைக்க வேண்டும். உங்கள் காது மடலை விரலால் மடக்கி விட்டுப் பாருங்கள். மடங்கும், விட்டவுடன் நிமிர்ந்துகொள்ளும். எலும்பின் விறைப்பும் இல்லாமல் சதையின் தளர்ச்சியும் இல்லாமல் நடுவே நிற்கும் அந்தப் பொருளுக்குக் குருத்தெலும்பு என்று பெயர். மூக்கின் மேற்பகுதிதான் எலும்பு. கீழே நிற்பதெல்லாம் குருத்தெலும்பு.

அதை மூன்று இடங்களிலிருந்து எடுக்கிறார்கள். முதலாவது, மூக்கின் உள்ளேயே இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர். நேராகவும் உறுதியாகவும் இருப்பது அது. ஆனால் முழுவதையும் எடுத்துவிட முடியாது. மேல் ஓரத்திலும் முன் ஓரத்திலும் சுமார் 1 சென்டிமீட்டர் அகலத்துக்கு விட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விட்டத்தைப் பிடுங்கிய வீடு போல மூக்கே உட்கார்ந்துவிடும். இரண்டாவது, காது மடலின் குழிவு. அங்கே எடுத்தால் காதின் உருவம் அநேகமாகக் கெடுவதில்லை. எடுத்த துண்டு இயல்பாகவே வளைந்திருப்பதால் நுனிக்குப் பொருந்தும், தண்டுக்கு அவ்வளவு பொருந்தாது. நிறையத் தேவைப்பட்டால் மூன்றாவது இடமான விலாவுக்குத்தான் போக வேண்டும்.

குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. சுற்றுப்புறத்திலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தை வைத்துக்கொண்டு அது ஜீவிக்கிறது. எந்த ஊருக்கு மாற்றினாலும் கிடைத்த சம்பளத்தில் காலம் தள்ளும் குமாஸ்தாவைப் போல, இடம் மாற்றி வைத்தாலும் பிழைத்துக்கொள்கிறது. சிலிகான் போன்ற செயற்கைப் பொருளை வைப்பதும் உண்டு. ஆனால் அது பல வருஷம் கழித்துக்கூடத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். சொந்த உடம்பின் துண்டை உடம்பு அந்நியன் என்று தள்ளுவதில்லை. ஒட்டு மாங்கன்றில் ஒரு மரத்தின் கிளையை இன்னொரு மரத்தில் சேர்க்கிறோம். இங்கே மரமும் கிளையும் ஒன்றே.

டாக்டர் சொன்னவற்றில் இன்னொன்று என் மனசில் தங்கிவிட்டது. விலாக் குருத்தெலும்பை நேராகச் சீவி வைத்தாலும் சில சமயம் அது நாளடைவில் வளைந்துவிடுமாம். அதன் வெளித்தோலில் ஓர் இழுவிசை உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் சீவினால் மறுபக்கத்து இழுப்பு வென்றுவிடும். இரு பக்கமும் சமமாகக் கழித்துவிட்டு நடுவிலிருந்து எடுத்தால் நேராக நிற்கும். கிப்ஸன், டேவிஸ் என்ற இருவர் 1958-ல் இதை விளக்கி எழுதினார்களாம்.

மூக்கு வைப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. அறுபட்ட மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அந்த அளவில் கன்னத்துத் தோலை எடுத்து மூடி, மூச்சு விட இரண்டு குழல்களைச் செருகும் முறையை சுஸ்ருதர் பெயரால் வழங்கும் நூல் விவரிக்கிறது. 1792 யுத்தத்தில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து, மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். புனாவுக்கு அருகே, ஆங்கில வைத்தியப் படிப்பு எதுவும் இல்லாத ஒருவர் நெற்றித் தோலைத் திருப்பி அவருக்கு மூக்கு வைத்தார். அந்தச் செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. அதைப் பின்பற்றி ஜோசப் கார்ப்யூ என்ற டாக்டர் 1814-ல் லண்டனில் அதே ரண சிகிச்சையைச் செய்தார்.

அந்த மூக்குகளுக்குத் தோல் இருந்தது. உள்ளே நிறுத்திப் பிடிக்கத் தூண் இல்லை. தூண் இல்லாத தோல் சுருங்கத்தான் செய்யும். முதல் உலக யுத்தத்தில் மூக்கை இழந்த வில்லியம் ஸ்பிரெக்லி என்ற ஆங்கில அதிகாரிக்கு ஹரால்ட் கில்லீஸ் என்ற டாக்டர், விலாவிலிருந்து குருத்தெலும்பை எடுத்து நெற்றித் தோலுக்கு அடியில் புதைத்து வைத்து, பிறகு தோலோடு கீழே திருப்பி மூக்காக்கினார். முதலில் அது எறும்புதின்னியின் மூஞ்சி போல வீங்கிக் கிடந்ததாம். வீக்கம் வடிந்ததும் ஒரு கௌரவமான மூக்கு வெளியே வந்தது.

காவஸ்ஜியையோ ஸ்பிரெக்லியையோ பார்த்து ‘உனக்கு ஏன் இந்த அழகு மோகம்?’ என்று யாரும் கேட்கமாட்டோம். கத்தி அறுத்த மூக்குக்கு வைத்தியம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறோம். நாக்கு அறுத்த மூக்குக்கு உண்டா?

பெர்லினில் ஜாக் ஜோசப் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1896-ல் ஒரு சிறுவனின் புடைத்த காதுகளை ஆபரேஷன் செய்து சரிப்படுத்தியதற்காக, அவர் வேலை பார்த்த இடத்திலிருந்து விலக்கப்பட்டார். வியாதி இல்லாத உடம்பில் கத்தி வைக்கலாமா என்பது மேலதிகாரிகளின் கேள்வி. 1898-ல் ஒருவர் அவரிடம் வந்தார். மூக்கு மிகப் பெரியது. தெருவில் இறங்கினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று வெளியே வருவதற்கே கூசியவர். ஜோசப் அந்த மூக்கைச் சிறியதாக்கினார். அந்த மனிதர் மனிதர்களோடு சேர ஆரம்பித்தார். துன்பம் நிஜமானால் வைத்தியமும் நியாயமே என்பது ஜோசப்பின் கட்சி.

இந்தக் கட்சி எனக்குச் சம்மதமாகத்தான் இருந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜோசப் ஒரு யூதர். அவரிடம் வந்தவர்களில் யூதர்கள் பலர். ‘யூத மூக்கு’ என்று ஊர் பரிகசித்த மூக்கை மாற்றிக்கொள்ள வந்தவர்கள். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தான். அடுத்த வருஷம் ஜோசப் இறந்துபோனார். 1935-ல் நியூரெம்பர்க் சட்டங்கள் பிறந்தன. யார் யூதன் என்று தீர்மானிக்க அந்தச் சட்டம் ஒருவன் மூக்கைப் பார்க்கவில்லை. அவனுடைய பாட்டன் பாட்டிமார் யார் என்று எண்ணிப் பார்த்தது.

வெறுப்புக்கு மூக்கு ஒரு சாக்குத்தான். சாக்கை எடுத்துவிட்டால் அது வேறொரு சாக்கைத் தேடிக்கொள்ளும். ஆகவே பரிகாசத்துக்குப் பயந்து முகத்தை மாற்றிக்கொள்கிறவன், அன்றைய வலியைத் தீர்த்துக்கொள்கிறானே தவிர, பரிகாசத்தை ஜயித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. இதுவும் உண்மை. வலியோடு இருப்பவனைப் பார்த்து, ‘நீ சகித்துக்கொண்டு நில், சமூகம் திருந்தட்டும்’ என்று வலியில்லாதவன் சொல்வது அநியாயம். அதுவும் உண்மை.

நண்பரின் கட்சியையும் யோசித்துப் பார்த்தேன். முகம் பரம்பரைச் சொத்து, அதை அழிக்க உரிமை இல்லை என்கிறார். அதே படத்தில் அந்த அம்மாளின் மூக்கில் இரண்டு பக்கமும் துளைகள் தெரிகின்றன. கன்னிப் பருவத்திலே குத்திய துளைகள். அவளை யாராவது கேட்டுக்கொண்டா குத்தினார்கள்? நாம் செய்தால் சம்பிரதாயம், அவர்களாகச் செய்துகொண்டால் அகம்பாவமா? ஆனாலும் அவருடைய துக்கத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ‘உன் மூக்கு எனக்கு வேண்டாம்’ என்று பேத்தி சொல்லும்போது, அப்பளம் இட்ட அந்தக் கைகளையே தள்ளிவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது.

மறுபடியும் அந்தப் பெண்ணிடம் போனேன். இம்முறை உபதேசம் செய்யவில்லை. கல்யாணத்துக்காகவா என்று கேட்டேன்.

“இல்லை சித்தப்பா. பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. ஒண்ணாம் வகுப்பில் ‘சப்பை’ என்று பேர் வைத்தார்கள். பத்தாம் வகுப்பு வரையில் அதுதான் என் பேர். நான் சிரிக்கும்போது பார்த்திருக்கிறீர்களா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சிரிக்கும்போதெல்லாம் கை எழுந்து முகத்தின் நடுப்பகுதியை மறைத்துக்கொள்ளும். இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். நாணம் என்று நினைத்து, ஒரு கதாநாயகிக்கு அந்தப் பழக்கத்தை இரவல் கூட வாங்கியிருக்கிறேன்!

“மூக்கு சரியானதும் அடுத்தபடி முகவாய், பிறகு கன்னம் என்று போகுமா?” என்று கேட்டேன்.

“டாக்டரும் இதையே கேட்டார். அப்படி அடுத்தடுத்து ஆசைப்படுகிறவர்களுக்கு அவர் செய்யமாட்டாராம். எனக்கு இது ஒன்று போதும்.”

‘போதும்’ என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். முகத்தை மாற்றலாமா கூடாதா என்று பொதுவாக ஒரு நீதி சொல்ல என்னால் ஆகாது. ஆசைக்கு ஓர் எல்லை தெரிகிறதா என்று கேட்கலாம். பணம், வலி, பலன் சரியாக அமையாமல் போகலாம் என்ற அபாயம், இவையெல்லாம் யாருடையவையோ அவர்களே முடிவு செய்கிறார்களா என்று கேட்கலாம். பரிகசித்தவர்கள் மேலுள்ள கோபத்தை மட்டும் ஒரு பக்கமாகச் சீவி எடுத்த முடிவு பின்னால் வளைந்து போகும். அப்பாவின் துக்கத்தையும் தன் வலியையும் இரு பக்கமும் பார்த்து, நடுவிலிருந்து எடுத்த முடிவானால் நிற்கும். அவள் போய்த் தன் அப்பாவோடு ஒரு முழு ராத்திரி பேசினாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் நடந்து எட்டு மாதம் ஆகிறது. விலாவிலிருந்தும் காதிலிருந்தும் எடுத்தார்கள். வீக்கம் முழுவதும் வடிய ஒரு வருஷமாவது ஆகும் என்கிறார்கள். சினிமா நட்சத்திரம் மாதிரி ஆகிவிடவில்லை. அதே முகந்தான், கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. சென்ற வாரம் நண்பர் வந்தபோது காபி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “கோபம் வந்து என்னை ஒரு அதட்டல் போட்டாள், தம்பி. அப்படியே என் அம்மா!” என்றார்.

நானும் ஒரு காரியம் செய்தேன். புதிதாக எழுத ஆரம்பித்திருக்கும் தொடர்கதையின் முதல் அத்தியாயத்தில் எள்ளுப்பூ ஒன்று பூத்திருந்தது. அடித்துவிட்டேன். சிறிய பிராயச்சித்தந்தான்.

அந்தப் பெண்ணை அன்று மாலை பார்த்தேன். நான் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். பழைய வழக்கப்படி கை எழுந்தது. பாதி வழி வந்து, என்னவோ நினைத்துக்கொண்டு, கீழே இறங்கிவிட்டது.